இனி வரலாறுதான்

கருவடிக்குப்பம் வாசகர் வட்டத்தில், அந்த மாதம் படித்ததை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தன் முறை வந்ததும் ஹரிகிருஷ்ணன் பொரிந்து தள்ளினார்.

"மூணு துப்பறியும் நாவல் எடுத்தேன். மூணுலயும் ஆரம்பத்துலயே, கொலைகாரன் பேருக்குப் பக்கத்துல யாரோ பென்சில்ல 'இவன்தான்'னு எழுதி வெச்சிருக்காங்க!"

"முன்னாடியே தெரிஞ்சா படபடப்பு இல்லாம படிக்கலாமே சார்!" என்றார், அவருக்கு முன் அவற்றை எடுத்துப்போன மோனிக் டீச்சர்.

"நீங்கதானா! இனி எனக்கு அரசியல் வரலாறுதான். அதுல என்ன பண்ணுவீங்க?"

மோனிக் அன்று திருப்பித் தந்திருந்த, கவிழ்ந்த ஆட்சிகளைப் பற்றிய தடிப் புத்தகத்தை ஹரிகிருஷ்ணன் எடுத்து விரித்தார்.

முதல் பக்கத்தில் பதவியேற்பு விழாப் படம். முதல்வருக்கு மாலை போட்டுப் பூரிக்கும் மந்திரியின் தலைக்கு மேல் பென்சிலில் ஓர் அம்புக்குறி:

"இவர்தான்."