கைமாறிய வெள்ளைச் சட்டை

ஆளைப் பிடித்து இழுத்து மடக்கும் ரக்பியில் ஆட்டம் முடிந்ததும் எதிராளியோடு சட்டை மாற்றிக்கொள்வது வழக்கம்; மறுத்தால் மரியாதையில்லை. குட்டித் தீவு நாட்டு அணியின் பழைய வெள்ளைச் சட்டைக்கு அதை நினைத்தாலே பகீரென்றது. அதைப் போட்டிருந்த மீனவன் பகலெல்லாம் வலை போட்டுவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவன். அவனுக்கு வேறு சட்டை கிடையாது. சனிக்கிழமை அடுத்த ஆட்டம்.

அன்றைக்குத் தோல்வி என்றால் அப்படியொரு தோல்வி. ஜெயித்த பெரிய நாட்டின் சிவப்புச் சட்டை பக்கத்தில் வந்து, "பயப்படாதே. உன்னைக் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பத்திரமாப் பாத்துக்குவாங்க" என்றது.

"அப்ப நீ?"

"எனக்கென்ன, எங்களை ஒரு ஆட்டத்துக்கு மேல யாரும் போடறதில்லை."

மீனவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு பழைய சட்டையைக் கழற்றி நீட்டிவிட்டு, சிவப்பை வாங்கிக்கொண்டான்.

"கேட்டுக்கோ" என்று அவசரமாகச் சொன்னது பழைய சட்டை. "உன் உள்பக்கம் வெள்ளைதானே? சனிக்கிழமை உன்னைத் திருப்பிப் போட்டுக்குவான். கோவிச்சுக்காதே. இடது தோளைப் பிடிச்சுத்தான் எல்லாரும் இழுப்பாங்க. கிழிஞ்சுடாதே."

"நான் மறுபடியும் ஆடப்போறேனா?" என்று கேட்டது சிவப்புச் சட்டை.

"தோக்கத்தான் போறே. ஆனா ஆடுவே."

சொன்ன பிறகுதான், இனிமேல் தன்னைப் பிடித்து இழுக்க யாருமில்லை என்பது பழைய சட்டைக்கு உறைத்தது.