சட்டைக்கு என்ன அடக்கம்?

இஸ்திரிக் கடைக்குள் வெயிலும் நீராவியும் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. பக்கத்து விடுதிக்காரர் துணி முழுவதையும் இங்கேயே தருகிறாராம்; விலையைத்தான் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டி அடக்கவிலை போட்டுப் பார்க்கிறார். வாடகை, மின்சாரம், இஸ்திரிப் பெட்டியின் தேய்மானம் எல்லாவற்றையும் சேர்த்தாயிற்று. "அப்பவும் சட்டைக்குச் சட்டை லாபம் நிக்குது. ஒத்துக்கலாம்" என்கிறார். அவர் மனைவி ஒரு காலரின் மேல் பெட்டியை அழுத்தியபடியே கேட்கிறாள். "என் கூலியச் சேத்தீங்களா?" "வீட்டு ஆளுக்கு என்ன கூலி?" அவள் பெட்டியை நிமிர்த்தி வைக்கிறாள். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு முக்காலியில் உட்காருகிறாள். "அப்ப நீங்களே தேய்ங்க. நீங்களும் வீட்டு ஆளுதானே." அவர் சிரித்துக்கொண்டேதான் பெட்டியைப் பிடிக்கிறார். இரண்டு சட்டை தேய்ப்பதற்குள் சிரிப்பு வற்றிவிடுகிறது. அடுத்த சட்டையின் கையில் இரட்டைக் கோடு விழுகிறது. அதை அழிக்கத் தண்ணீர் தெளிக்கிறார், நெற்றி வியர்வையும் அங்கேயே சொட்டுகிறது. மணிக்கட்டை உதறிக்கொள்கிறார். துணிக்குவியல் குறைந்ததாகவே தெரியவில்லை. கால்குலேட்டர் இப்போது அவள் மடியில் இருக்கிறது. அவள் எதையும் தட்டவில்லை. கைபேசி அடிக்கிறது. விடுதிக்காரர்தான். கடைக்காரர் ஈரக் கையோடு எடுத்து, மூச்சு வாங்கியபடி சொல்கிறார்: "அந்த ரேட்டுக்குத் தேய்க்க ஆள் கிடைக்காதுங்க."