குறுக்கே நின்ற வண்டி

"யோவ் ஆர்லோ, வண்டியை எடுக்கிறியா இல்லையா?"

டுவேன் போட்ட சத்தத்தில், வேடிக்கை பார்க்க வந்து காபி குடித்துக்கொண்டிருந்த அவன் சர்ச் ஜனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அமெரிக்காவில் அயோவாவின் அந்தச் சின்ன விமானத் திடலில் இன்று டுவேனுக்குத்தான் மாப்பிள்ளை மரியாதை. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைத் தன் கையாலேயே பூட்டிக் கட்டிய விமானம் இன்றைக்கு முதல் முறையாகப் பறக்கப் போகிறது. ஷெட் கதவைத் திறந்தால், பக்கத்து ஷெட்காரன் ஆர்லோவின் பழைய பிக்கப் வண்டி குறுக்கே நிற்கிறது!

"ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. நான் என்ன பண்ண?" பானெட்டுக்குள் தலையை விட்டபடியே சொன்னான் ஆர்லோ.

"நாலு பேர் சேர்ந்து தள்ளுங்கப்பா!"

"பிரேக்கும் இறுகிப் போச்சு. நகராது."

டுவேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றெரிச்சல், வேறென்ன? இந்த மனுஷனும் பத்து வருஷமாக ஒரு விமானம் கட்டுகிறான். அது தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பினால்தானே!

போன வாரமும் இவன்தான் மூக்கை நுழைத்தான். பெயின்ட் அடிப்பதற்காகக் கழற்றிய, இறக்கை மடல்களை அசைக்கும் கேபிள்களை டுவேன் திரும்ப மாட்டி முடித்த நேரம்.

"மாட்டினவன் இல்லாம இன்னொருத்தர் ஒரு தடவை பாக்கணும் டுவேன். இங்க எல்லாரும் அப்படித்தானே பண்றோம். நான் பாக்கட்டுமா?"

"முதல்ல உன் தகர டப்பாவைப் பறக்கவிடு. அப்புறம் என்னுதைப் பாக்கலாம். ஆட்டினா ஆடுது, அது போதும் எனக்கு."

அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதற்குத்தான் இன்று பழி வாங்குகிறான். சரியான நாள் பார்த்தான், படுபாவி!

"பொறாமை பிடிச்சவன்!" பல்லைக் கடித்தான் டுவேன்.

"விடு டுவேன், எல்லாரும் பாக்கிறாங்க," என்றாள் அவன் மனைவி ஜோலீன்.

"பாக்கட்டுமே! இவன் லட்சணம் ஊருக்கே தெரியட்டும்!"

ஆர்லோ நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டான். முகத்தில் வெட்கம், மானம் ஒன்றும் இல்லை.

"சும்மா எதுக்குக் கத்தறே? உள்ள ஏறி உக்காந்து ஸ்டிக்கை இடது பக்கம் சாய்ச்சுப் பிடி. வந்தவங்க போட்டோவாவது எடுத்துக்கட்டும்."

"கிண்டலா?"

"அவர் சொல்றதும் நல்லாத்தான் இருக்கு, ஏறு," என்று போனைத் தூக்கினாள் ஜோலீன்.

கடுகடுவென்று ஏறி உட்கார்ந்தான் டுவேன். விமானத்தைத் திருப்பும் அந்த ஸ்டிக்கை இடது பக்கம் ஒரே இழுப்பாக இழுத்து, இடது இறக்கைப் பக்கம் நின்ற ஜோலீனைப் பார்த்துச் சிரித்தான்.

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

இறக்கையின் ஓரத்து மடல் கீழே இறங்கியிருந்தது. மேலே எழும்ப வேண்டிய மடல்!

வலது பக்கம் சாய்த்தான். இப்போது மேலே ஏறியது.

அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. மேலே போய் இடது பக்கம் திருப்பியிருந்தால் விமானம் வலது பக்கம் கவிழ்ந்திருக்கும். ஜோலீன் கண்ணெதிரேயே.

சர்ச் ஜனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "சூப்பர்!" என்று கை தட்டியது.

டுவேன் இறங்கினான். ஆனாலும் வாய் மட்டும் அடங்கவில்லை.

"இன்னிக்கு ஒண்ணும் பறக்க முடியாது! எல்லாம் இந்த ஆளோட ஓட்டை வண்டியால!"

"ஆமாங்க, தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க," என்று கூட்டத்தைப் பார்த்துத் தலை குனிந்தான் ஆர்லோ.

ஜனம் முணுமுணுத்தபடி கலைந்தது. ஆர்லோ மறுபடி பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, டுவேனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"கேபிள் ரெண்டையும் இடம் மாத்தி மாட்டிட்டுக் கூப்பிடு. அதுவரைக்கும் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகாது."