எழுத்தின் குறுக்கே ஒரு கோடு

மணி மூன்றரை. ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்தின் நீள மேசையடியில் ஹெஸ்டரின் குதிகால் தட்டிக்கொண்டே இருக்கிறது. தும்மலைக் குறிக்கும் ‘ஸ்னீஸ்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்னீஸ்’ என்றே இருந்தது. மூச்சைச் சொல்லும் கிரேக்கச் சொல்லுக்குத் தூரத்து உறவு. பழங்கையெழுத்தில் ‘ஃப்’, ‘ஸ்’ இரண்டும் ஒரே நெட்டைக் குச்சி. ‘ஃப்’புக்கு மட்டும் குறுக்கே சின்னக் கோடு. அதைக் கவனிக்காமல் யாரோ மாற்றிப் படித்திருக்க வேண்டும். ஆனால் உருப்பெருக்கியின் கீழ், இந்தப் பிற்காலத் தோலேட்டிலும் கோடு தெரிகிறது. அப்படியானால் ‘ஃப்’ இன்னும் நூறாண்டு வாழ்ந்திருக்கிறது. அகராதிக்கு அவள் தனியாக எழுதிய முதல் பதிவே அதை நம்பித்தான் நிற்கிறது. நான்கு மணிக்கு அச்சுக்குப் போகிறது. “கோடு இருக்கா, இல்ல நீயே கண்ணால போடுறியா?” என்கிறான் உடன் வேலை செய்யும் லயனல். “இருக்கு. சும்மா இரு.” “சளியோட வந்திருக்க. ஏட்டு மேல தும்மித் தொலைச்சிடாத, தாயே.” அவள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். தும்மல் நிற்கவில்லை. முகத்தைத் திருப்புவதற்குள் வந்துவிடுகிறது. அறை முழுவதும் தலை நிமிர்கிறது. “இப்ப வந்தது ‘ஃப்’பா, ‘ஸ்’ஸா?” என்கிறான் லயனல். ஹெஸ்டர் மறுபடி உருப்பெருக்கி மேல் குனிகிறாள். குச்சி நிற்கிறது, கோட்டைக் காணோம். ஏட்டின் ஓரத்தில் அவளுடைய கறுப்புக் கம்பளிச் சட்டையின் இழை ஒன்று சுருண்டு கிடக்கிறது. பென்சிலை எடுத்துத் தன் பதிவின் குறுக்கே கோடு போடுகிறாள்.