மாப்பிள்ளை போனுக்குத் தவணை

செங்கம் ரோட்டு செல்போன் கடையில் அப்போது இருந்தவர்கள்: கடைக்காரர் பிரகாஷ், மாப்பிள்ளை மாறன், அவனுக்கு மாமியார் ஆகப்போகும் சந்திரம்மாள், அவள் தம்பி முருகையன். கல்யாணப் பெண் கவிநிலா வரவில்லை. போன் அவளுக்கில்லையே.

பைக், செயின் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் மாறன் வீட்டிலிருந்து தகவல் வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல போன் வேண்டும், இல்லாவிட்டால் பத்திரிகை அடிக்க மாட்டார்கள்.

"இப்பவே இப்படின்னா அங்க போயி நீ எப்படிடி வாழுவ? வேணாம் இவன்," என்று சந்திரம்மாள் வீட்டில் மகளிடம் சொல்லிப் பார்த்தாள். கட்டினால் அவனைத்தான் என்று கவிநிலா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

"ரொக்கம்னா நாப்பத்திரண்டாயிரம்," பிரகாஷ் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். "தவணைன்னா ஒரு வருஷத்துல நாப்பத்தெட்டு ஆயிடும்."

"ரொக்கம்தான்," என்றான் முருகையன். "நெலத்துல வெளஞ்ச மல்லாட்ட வித்த துட்டு கையில இருக்குது. ஆறாயிரம் தண்டம் எதுக்கு?"

"தவணையே போடு தம்பி," என்றாள் சந்திரம்மாள் கடைக்காரரிடம்.

"அக்கா, உனக்குக் கணக்கு வராதா?"

"வந்திருந்தா இந்தச் சம்பந்தத்துக்கு ஒத்துக்குவனா?"

நல்லவேளை, மாப்பிள்ளை காதில் அது விழவில்லை. அவன் கண்ணாடிக் கதவருகே நின்று, மலை பின்னால் தெரிய, கடை போனில் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தான். படத்தில் மலை பாதி வெட்டுப்பட்டது. மூஞ்சி முழுசாக விழுந்தது.

பிரகாஷ் குரலை உயர்த்தினார். "ஒண்ணு சொல்லிடறேம்மா. தவணை போன்ல ஒரு பூட்டு இருக்கும். கட்டாம விட்டா கடன் குடுத்தவங்க அங்க இருந்தே பூட்டிடுவாங்க. அப்புறம் அது வெறும் கண்ணாடித் துண்டு. எந்தக் கடைக்குப் போனாலும் தொறக்க முடியாது."

மாறன் திரும்பிச் சிரித்தான். "கட்டப்போறது அத்ததானே? அவங்க ஒரு நாள் தள்ள மாட்டாங்க. கறுப்புக் கலர் குடுங்க."

"தம்பி, ரெண்டு வருஷத் தவணை இல்லியா?" என்றாள் சந்திரம்மாள்.

"இருக்குது. ஆனா வட்டி இன்னும் ஜாஸ்திம்மா. அம்பத்திநாலு ஆயிடும்."

"அதையே போடு."

முருகையன் தலையில் அடித்துக்கொண்டான். "பன்னெண்டாயிரம் தண்டம்! உலகத்துல எவளாவது வெல ஜாஸ்தி பண்ணச் சொல்லிப் பேரம் பேசுவாளா?"

"நீ போயி வண்டிய எடு. மாப்ளய பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வா."

சந்திரம்மாள் பெயரில் கடன் போட்டார்கள். அவள் ஆதாரைக் கொடுத்தாள், விரல் வைத்தாள், கேமராவைப் பார்த்து முறைத்தாள். மாறன் போனைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். பையிலிருந்து அது பாதி வெளியே தெரியும்படி சரிசெய்துகொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியேறினான்.

அவனை ஏற்றிக்கொண்டு முருகையனின் பைக் கிளம்பியது. சந்திரம்மாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். பிரகாஷ் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"எம்பொண்ணு அழுதுகினு வந்து நின்னா அந்த மாசம் நான் கட்ட மாட்டேன்," என்றாள். "எத்தினி நாள்ல பூட்டுவாங்க தம்பி?"