காலர் ட்யூன்: ஓர் ஆய்வு

முனைவர் பஞ்சநாதன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

மறுமுனையில் வீணை.

மகள் எடுக்க மாட்டாள் என்று தெரியும். மூன்று வருடமாக அஸ்வினி எடுப்பதில்லை. கல்யாண ரிசப்ஷனில் டிஜே வைத்தாள் என்பதற்காக, "சுருதி சேராத இடத்தில் எனக்கு வேலையில்லை" என்று மேடையைவிட்டு இறங்கிப் போன அப்பாவின் போனை எந்தப் பெண் எடுப்பாள்?

கர்நாடக சங்கீதத்தின் கமகங்களைப் பற்றி எழுநூறு பக்கம் எழுதிய மனிதருக்கு, 'மன்னிச்சுக்கம்மா' என்று ஒரு வரி சொல்ல வராது. அதனால் அவளுடைய காலர் ட்யூனைக் கேட்பதற்கு ஆய்வு என்று பெயர் வைத்துவிட்டார்.

ஓய்வுபெற்றபின் மரக்காணத்துக்குக் குடிவந்தது காற்றுக்காக என்பார். வீட்டில் டவர் கிடைக்காது. உப்பளத்து ரோட்டோரம், மேரிசெல்வியின் டீக்கடையில் கிடைக்கும். சாயங்காலம் வருவார், டயல் செய்வார், தானாகக் கட் ஆகும்வரை கேட்பார்.

சுற்றிலும் வெள்ளைவெளேரென்று உப்புக் குவியல்கள். வேறு ஆள் சிக்காததால் விரிவுரை மேரிசெல்விக்கு.

"போன வாரம் நாகஸ்வரம். அதுக்கு முந்தின வாரம் புல்லாங்குழல். எல்லாமே எனக்குப் பிடிச்ச ராகம். பொண்ணுக்கு ரசனை தேறிட்டு வருதும்மா. பாஸ் மார்க் போடலாம்."

மேரிசெல்வி கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ஏன் சார், போனே எடுக்காத பொண்ணு, எதுக்கு வாரா வாரம் உங்களுக்குப் புடிச்ச பாட்டா மாத்திக்கினு இருக்குது?"

எந்தக் கருத்தரங்கில் எதைக் கேட்டாலும், "நல்ல கேள்வி" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசக்கூடியவர்.

இப்போது போனை அவளிடம் நீட்டினார்.

"எனக்கும் ஒரு பாட்டு வெச்சுக் குடும்மா. ஒருவேளை அவ கூப்பிட்டா, கேக்கட்டும்."

"வெச்சிட்டாப் போவுது. பாப்பாவுக்கு எந்தப் பாட்டு புடிக்கும், சொல்லுங்க."

அஸ்வினி சின்ன வயதில் வீடு முழுக்க எதையோ பாடிக்கொண்டே திரிவாள். என்ன பாட்டு அது? பஞ்சநாதன் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"கதவைச் சாத்திட்டுப் பாடு" என்று தான் சொன்னது மட்டும்தான் ஞாபகம் வந்தது.