பன்னிரண்டு எழுத்து

‘ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்ததை இன்றைக்கு ஒரு நாள் மட்டும் எங்கே கொண்டுபோய் ஒளிப்பார் இந்த மனிதர்?’ என்று நினைத்துக்கொண்டாள் ஸ்ரீதேவி.

“அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடும்மா” என்றார் ரவிச்சந்திரன் மறுபடியும். அவள் வேலை பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

திருக்கழுக்குன்றம் சாலையில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனி, மீன்பிடிப் படகுகளுக்கு அபாய அறிவிப்புப் பெட்டி செய்கிறது. பெட்டிக்கு உயிர், உலகமே சேர்ந்து எழுதும் லினக்ஸ் கெர்னல் என்ற மென்பொருள். அதில் யார் எதை மாற்றினாலும் பெயரோடு பதிவாகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான அடையாளம் உண்டு. முதல் பன்னிரண்டைச் சொன்னால் போதும், உலகம் கண்டுபிடித்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் ரவிச்சந்திரன் பெயரில் அப்படி ஒரு மாற்றம் கெர்னலில் ஏறியது. அந்தப் பன்னிரண்டு எழுத்தை அவர் விசிட்டிங் கார்டில் அச்சடித்தார். காபி கோப்பையில் போட்டார். கார் பின்கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயருக்குக் கீழே ஒட்டினார். இன்று மாலை மாமல்லபுரம் கடற்கரை விடுதியில் அவருக்குப் பாராட்டு விழா. அந்த ஃப்ளெக்ஸ் பேனரிலும் அதுதான், அவர் முகத்தைவிடப் பெரிதாக.

அந்த மாற்றத்தில்தான் ஓட்டை. பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கும் பெட்டி, எழும்போது தன் கடிகாரத்தை ஓட்டிவிட வேண்டும். அதற்கான ஒரு வரியைக் காணோம். அதைச் சேர்க்கும் திருத்தத்தின் குறிப்பில், பிழை எந்த மாற்றத்தில் பிறந்தது என்று அந்தப் பன்னிரண்டு எழுத்தோடு ஒரு வரி எழுதியிருந்தாள் ஸ்ரீதேவி.

“இன்னா மேடம், பொட்டி தேறுமா?” என்றார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மீனவர் தேவசகாயம். கடப்பாக்கத்திலிருந்து கட்டைப்பையில் பெட்டியைத் தூக்கி வந்திருந்தார். “தூங்குச்சுன்னா எய்ந்துக்கவே மாட்டேங்குது. தூக்கத்துல எம் மச்சான் தோத்தான் போ. நடுக்கடல்ல இஞ்சின் நின்னுபோய் பட்டன அமுக்கினு கெடக்குறேன், ஒரு சத்தம் காணோம். வேற போட்டுக்காரங்க வந்து இட்டுகினு வந்தாங்க. இல்லாங்காட்டி நான் இன்னைக்கு போட்டோல இருப்பேன்.”

“சரியாயிடும்ணே. போய் டீ சாப்பிட்டு வாங்க.”

அவர் எழுந்தார். “சார் மொகம் ஏன் சுண்டிகீது? அவரும் பட்டன அமுக்கினாரா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ரவிச்சந்திரன் குரலைத் தாழ்த்தினார். “திருத்தத்த அனுப்பு, வேணாங்கல. ஆனா எந்த மாற்றத்தால கெட்டுச்சுன்னு ஏன் எழுதணும்? எஃப்.ஐ.ஆர். போட்ட மாதிரி இருக்கு.”

“எஃப்.ஐ.ஆர். இல்ல சார், மருந்துச் சீட்டு. நோய் எங்க ஆரம்பிச்சதுன்னு எழுதினாத்தான், பழைய கெர்னலப் பாத்துக்கிறவங்களுக்கு எங்கெங்க மருந்து போடணும்னு தெரியும். படகுல ஓடுறதெல்லாம் பழசு.”

“அந்தப் பன்னெண்டுக்குப் பதிலா ஒரு ஆறு எழுத்து போடேன். யாருக்கும் சட்டுனு புரியாது.”

“திருப்பி அனுப்பிடுவாங்க சார். பக்கத்துல அந்த மாற்றத்தோட தலைப்பையும் முழுசா எழுதணும். அதுல யார் பேர் இருக்கோ அவருக்கும் ஒரு பிரதி போகணும்.”

“எனக்கா?”

“உங்களுக்குத்தான். போன மாசம் புதுசா சேர்ந்தவங்களுக்கு நீங்கதானே சார் இதச் சொல்லிக் கொடுத்தீங்க? பிழைய மறைக்கிறவன் என்ஜினியரே இல்லன்னு?”

“அது வகுப்பும்மா.”

ஸ்ரீதேவி திரையைப் பார்த்தாள். அந்த வரியைத் தட்டும்போது அவளுக்கும் கை கூசத்தான் செய்தது. பிழையைக் கண்டுபிடித்த அன்று, நடுத்தெருவில் தடுக்கி விழுந்தவளைப்போல முகம் சூடாகிச் சுற்றுமுற்றும் பார்த்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை. பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் கூச்சத்துக்குப் பயந்து கடலில் ஓர் ஆளை மிதக்க விடுவதா?

“சாயந்திரம் மேடையில என்னைத் தலைமை விஞ்ஞானியா அறிவிக்கப் போறாங்க” என்றார் அவர். “வர்றவங்க எல்லாம் ஃபோன்லயே இதப் பாப்பாங்க. பேனர்ல இருக்கிற அதே எழுத்து, இங்க கெட்டுப்போன சரக்குன்னு நிக்கும்.”

“பேனர நான் அடிக்கல சார்.”

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலில் திடீரென்று வெல்லம் கரைந்தது.

“சரிம்மா. அந்த வரி அப்படியே இருக்கட்டும். கீழ இன்னொரு வரி மட்டும் சேர்த்துடு. உனக்குச் சேர வேண்டியத நான் ஏன் வெச்சிக்கணும்? நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?”

“என்ன வரி சார்?”

“நீ பிரசவத்துக்குப் போயிருந்தப்ப உன் கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்து என் பேர்ல அனுப்பினேன், அவ்வளவுதானே? அந்த மாற்றத்த எழுதினது ரவிச்சந்திரன் இல்ல, ஸ்ரீதேவிதான்னு தெளிவாப் போட்டுடு.”

மூன்று வருடமாக அவர் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்த வாக்கியம் அது.

“வேண்டாம் சார், உங்க பேரே இருக்கட்டும்” என்று மெல்லச் சொல்லிவிட்டு, என்டர் தட்டினாள் ஸ்ரீதேவி.